சுகர் டெஸ்ட் மெஷின் மாதிரி ஒரு கருவியில மைக்ரோ ஆர்என்ஏ பாத்து கேன்சர வீட்டுலயே கண்டுபிடிக்க முடியுமா? அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது, அதான் கேக்குறேன்.

லேப்ல முடியுது, வீட்டுல இன்னும் முடியாது. நான் இந்த எலக்ட்ரோகெமிக்கல் சென்சார் (ஒரு பொருளோட அளவ கரண்ட்ட வச்சு அளக்குற கருவி) பக்கம்தான் வேலை பாக்குறேன், என்ன கேட்டா இப்ப பெரிய சிக்கல் சென்சார்ல இல்ல, ரத்த சாம்பிள்லதான் இருக்கு.

மைக்ரோ ஆர்என்ஏங்கிறது செல்லுல ஜீன்களோட வேலைய கட்டுப்படுத்துற குட்டி ஆர்என்ஏ துண்டு, சுமார் 22 எழுத்து நீளம்தான், கேன்சர்ல சிலதோட அளவு மாறும். 1993ல ஒரு சின்னப் புழுவுல இதக் கண்டுபிடிச்ச ஆம்ப்ரோஸ், ருவ்குன் ரெண்டு பேருக்கும் 2024ல நோபல் குடுத்தாங்க. ரத்தத்துல ஆர்என்ஏவ சிதைக்கிற என்சைம் இருந்தும் இது புரோட்டீனோட ஒட்டிக்கிட்டோ எக்சோசோம்னு செல் வெளிய விடுற குட்டிப் பைக்குள்ள புகுந்தோ தப்பிச்சிருது, அதனாலதான் இத நம்பி இவ்ளோ பேர் இறங்கியிருக்காங்க.

சென்சார்ல என்ன பண்ணுவோம்னா, தங்க எலக்ட்ரோடு மேல டிஎன்ஏ இழைய கொண்டை ஊசி மாதிரி மடக்கி ஒட்டி வச்சு நுனில மெத்திலீன் ப்ளூன்னு கரண்ட் சிக்னல் குடுக்குற ஒரு சாயத்த மாட்டிருவோம், தேடுற ஆர்என்ஏ வந்து ஜோடி சேர்ந்ததும் இழை விரிஞ்சு மெத்திலீன் ப்ளூ எலக்ட்ரோட விட்டுத் தள்ளிப் போயிரும், கரண்ட் குறையும், அந்தக் குறைச்சல அளந்தா அளவு தெரியும். ரத்தத்துல குளுக்கோஸ் இருக்குற அளவோட ஒப்பிட்டா மைக்ரோ ஆர்என்ஏ நூறு கோடி மடங்குக்கும் மேல கம்மி, அதனால சிக்னல பெருக்க தனியா வேலை பாக்கணும். லெட்-7ங்கிற மைக்ரோ ஆர்என்ஏ குடும்பத்துல சில உறுப்பினர்களுக்கு நடுவுல ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், அதையும் பிரிச்சுக் காட்டணும். இதெல்லாம் கஷ்டம்தான், ஆனா பண்ணிட்டு இருக்கோம்.

ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு கொஞ்சம் உடைஞ்சாலே போதும், அதுக்குள்ள இருக்குற மிர்-451, மிர்-16ங்கிற மைக்ரோ ஆர்என்ஏ எல்லாம் பிளாஸ்மாவுல (ரத்தத்தோட திரவப் பகுதில) கலந்து அளவு தாறுமாறா ஏறிரும், சென்சார் சரியாத்தான் காட்டும் ஆனா அது நோயோட கணக்கு இல்ல. எத அடிப்படையா வச்சு அளவ ஒப்பிடுறதுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரு ரெஃபரன்சும் இல்ல. மிர்-21 பல கேன்சர்ல கூடுது, சரி, ஆனா உடம்புல வீக்கம், அழற்சி இருந்தாலும் கூடலாம், அது மட்டும் வச்சு மார்புலதான் பிரச்சனைன்னு எப்படிச் சொல்ல? அதனால யாராவது ரொம்ப நுணுக்கமா அளந்தோம்னு பேப்பர் போட்டா, சுத்தமான பஃபர்ல (லேப்ல தயார் பண்ற உப்புக் கரைசல்ல) அளந்தாங்களா இல்ல நோயாளிங்களோட ரத்தத்துலயான்னு மொதல்ல பாருங்க.

உங்க விஷயத்துல இதுக்காகக் காத்திருக்காதீங்க, ப்ளீஸ். அம்மாவுக்கு எந்த வயசுல வந்ததுன்னு டாக்டர்கிட்ட சொல்லி, உங்களுக்கு மேமோகிராம் எப்ப ஆரம்பிக்கணும், பிஆர்சிஏ ஜீன் டெஸ்ட் (பரம்பரையா மார்பகப் புற்றுநோய் வர்ற வாய்ப்பப் பாக்குற டெஸ்ட்) தேவையான்னு ரெண்டையும் கேளுங்க.