யானையும் போர் விமானமும்: ஓவியர் டேவிட் ஷெப்பர்ட் பற்றிய கேள்வி பதில்

டேவிட் ஷெப்பர்ட் என்னும் ஆங்கிலேய ஓவியரைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். மதுரைப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், அவருடைய அச்சுப்படங்களை வைத்தே யானை வரையப் பழகியவன் என்ற முறையிலும், எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

மேலூர்: வணக்கம் ஐயா. காட்டு விலங்கு ஒரு பக்கம், ராணுவம் மறு பக்கம். ஒரே மனிதர் இரண்டுக்கும் எப்படி வந்தார்?

வணக்கம். அவர் விலங்குகளைத் தேடிப் போனபோது கதவு அடைபட்டது. விமானங்களை வரையப் போன இடத்தில் அது தானாகத் திறந்தது. ஷெப்பர்ட் 1931இல் லண்டன் பகுதியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்கள் தலைக்கு மேலே சண்டையிடுவதைப் பார்த்து வளர்ந்த சிறுவன் என்பதால் விமான மோகம் அப்போதே பிடித்துக்கொண்டது. ஆனால் பள்ளிப் படிப்பை முடித்தபோது அவருக்கு இருந்த ஒரே ஆசை, ஆப்பிரிக்காவில் வனவிலங்குக் காவலராக வேண்டும் என்பதுதான். கென்யாவுக்கே போய்க் கேட்டார். வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடற்கரை ஓட்டல் ஒன்றில் வரவேற்பாளராக இருந்து, ஏழு பறவைப் படங்களை வரைந்து விற்று, அந்தப் பணத்தில் கப்பல் ஏறி ஊர் திரும்பினார்.

பிறகு லண்டனில் முறையாக ஓவியம் கற்று, ஹீத்ரோ விமான நிலையத்தில் நின்று விமானங்களை வரைந்து பெயர் வாங்கினார். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் பிரிட்டிஷ் விமானப் படை 1960இல் அவரை அரேபியாவின் தென்முனையில் உள்ள ஏடன் துறைமுக நகருக்கு அழைத்துச் சென்றது. அங்கிருந்து கென்யாவுக்கும் போனார். நாள் முழுவதும் விமானத்தோடு கிடக்கும் அந்த அதிகாரிகளுக்குச் சுவரிலும் விமானம் தொங்குவதில் விருப்பமில்லை. இந்த மண்ணின் விலங்கு எதையாவது வரைந்து தர முடியுமா என்று கேட்டார்கள். ஓடுபாதையில் விமானத்தைத் துரத்தும் காண்டாமிருகம் ஒன்றை வரைந்து கொடுத்தார். கூலி 25 பவுண்டு. அந்தப் பழைய பறவைப் படங்களை விட்டுவிட்டால், அவருடைய முதல் காட்டுயிர் ஓவியம் ராணுவம் கேட்டு வரைந்தது. அதில் விமானமும் உண்டு. எனவே இரண்டு துறைகள் என்று நாம் பிரித்துப் பேசுவது அவர் விஷயத்தில் அவ்வளவு பொருந்தாது.

திருநகர்: என் மகளுக்குக் கவின்கலைக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. திறமை போதாது என்று நேர்முகத்தில் சொல்லிவிட்டார்களாம். அவள் பென்சிலைத் தொட்டே இரண்டு மாதம் ஆகிறது. என்ன சொல்வது?

அம்மா, லண்டனில் உள்ள ஸ்லேட் ஓவியப் பள்ளிக்கு ஷெப்பர்ட் தம் பறவைப் படம் ஒன்றை அனுப்பினார். இவருக்குச் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை என்ற பொருளில் அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பு அநியாயமானது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துப் படங்கள் மோசமாக இருந்ததாக அவரே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்வார். அப்போது ஒரு விருந்தில் ராபின் குட்வின் என்ற கடற்காட்சி ஓவியரைத் தற்செயலாகச் சந்தித்தார். குட்வின் அவரை மாணவராக ஏற்று மூன்று ஆண்டுகள் பழக்கினார்.

அந்த மூன்று ஆண்டுகளைத்தான் உங்கள் மகளிடம் சொல்ல வேண்டும். மனநிலை கூடிவரும்போது வரையலாம் என்று காத்திருப்பதற்கு அங்கே இடமில்லை. தச்சர் பட்டறைக்குப் போவதைப் போல, ஓவியனும் காலையில் எழுந்து வேலைக்குப் போக வேண்டும்; வாடகையும் மின் கட்டணமும் அவனுக்கும் உண்டு. ஷெப்பர்ட் கடைசி வரை அப்படித்தான் வேலை செய்தார். தமக்குப் பிறவித் திறமை இருந்தது என்று ஒருநாளும் சொல்லிக்கொள்ளவில்லை. என்னையும் ஒரு நேர்முகத்தில் கோடு வரவில்லை என்று அனுப்பியவர்கள் உண்டு. அவர்கள் சொன்னது சரிதான், எனக்குக் கோடு வர மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. அவளை நாளைக் காலை வீட்டில் இருக்கும் அரிவாள்மனையை வரையச் சொல்லுங்கள். அதன் வளைவு எளிதில் பிடிபடாது; ஒரு வாரத்துக்கு வேலை இருக்கும்.

திருமங்கலம்: ராணுவ ஓவியம் என்றாலே போரைப் புகழ்வதுதானே? நான் ஓய்வு பெற்ற படைவீரன் என்பதால் கேட்கிறேன்.

புகழ்வதற்கென்றே வரைந்த படங்கள் ஏராளம்; மறுக்க மாட்டேன். ஆனால் ஷெப்பர்டின் நல்ல ராணுவப் படங்களில் அதைவிட அதிகமாகத் தெரிவது துல்லியக் கணக்குத்தான். 1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஆர்னம் பாலத்தைப் பிரிட்டிஷ் பாராசூட் படையினர் பிடித்து வைத்திருந்ததை அவர் வரைந்தார். அந்தப் படத்தின் தலைப்பிலேயே இரண்டாம் நாள், மாலை ஐந்து மணி என்று நேரம் குறித்திருக்கிறார். நேரத்தை அப்படிக் கட்டிக்கொண்டால் ஓவியனுக்குத் தப்பிக்க வழியில்லை. அன்று காலை பாலத்தைக் கடக்க முயன்று அடிபட்ட ஜெர்மானிய வண்டிகள் எங்கே கிடந்தன, எந்த வீடுகள் எரிந்துவிட்டன, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்பதெல்லாம் சரியாக இருந்தாக வேண்டும். அங்கே இருந்து உயிர் தப்பியவர் முன்னால் அந்தப் படத்தை வைக்கும்போது, வீரத்தை மிகையாக்கியிருந்தால் அவர் மன்னித்துவிடுவார். சுவர் ஒன்றைத் தவறாக வைத்திருந்தால் மன்னிக்க மாட்டார். இது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வரைந்தபோதும் அவர் வானத்தில் குண்டு பொழியும் காட்சியை எடுத்துக்கொள்ளவில்லை. குளிர்காலத்து ஈரத் தரையில் விமானம் நிற்கிறது, தரைப் பணியாளர்கள் அதைப் பறப்பதற்குத் தயார் செய்கிறார்கள். எனக்கு அவருடைய யானைகளைவிட அந்தப் படம் பிடிக்கும்.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். காட்டுயிரும் வீரனும் ஒரே சட்டத்துக்குள் நிற்பது நமக்குப் புதிதில்லை. புலியோடு பொருதவனுக்கு எடுத்த புலிக்குத்திக் கற்களில் பார்த்திருப்பீர்கள்: நிமிர்ந்து எழும் புலி, அதன் உடலில் ஈட்டியைப் பாய்ச்சும் மனிதன். ஆனால் ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த மிகப் பழைய நடுகற்களில் உருவமே இல்லை. கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், இறந்தவனின் பெயர் மட்டும் தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டாக இருக்கிறது. முதலில் பெயர், அதற்கு வெகு காலம் கழித்துத்தான் படம் என்ற அந்த வரிசை எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்: யானையின் சாம்பல் நிறம் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. கறுப்பும் வெள்ளையும் எவ்வளவு கலந்தாலும் உயிரில்லை. ஷெப்பர்டின் யானை மட்டும் எப்படி மூச்சு விடுகிறது?

கறுப்பையும் வெள்ளையையும் கலந்தால் சிமெண்ட் பூசிய தண்ணீர்த் தொட்டிதான் வரும். கறுப்பு டியூபைத் தூர வைத்துவிடுங்கள். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பையும் கலந்தால் ஆழமான ஒரு கருநிறம் கிடைக்கும். நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் வெதுவெதுப்பான சாம்பல். பிறகுதான் வெள்ளை. யானையின் முதுகு வானத்தைப் பார்த்திருப்பதால் அங்கே நீலச் சாயல் ஏறும். அடிவயிறு தரையைப் பார்த்திருப்பதால் மண்ணின் செம்மை அங்கே தெறிக்கும். இந்த இரண்டையும் பிரித்து வைத்தாலே பாதி யானை எழுந்து நின்றுவிடும். மேலும், காட்டு யானைக்கு அது புரண்ட மண்ணின் நிறம்தான் நிறம். கென்யாவின் சாவோவில் யானைகள் செங்கல்லைப் போலச் சிவந்திருக்கும். நம் கோயில் யானையோ தினமும் தேய்த்துக் குளிப்பாட்டப்படுவதால் கருத்திருக்கும்.

நிறத்தைவிடப் பெரிய பிழை ஒன்றை நானே செய்திருக்கிறேன். பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஷெப்பர்ட் படக் காலண்டரைப் பார்த்துப் பல மாதங்கள் பழகிய தைரியத்தில், கோயில் யானை ஒன்றை வரையப் போனேன். ஒரு மணி நேரம் வரைந்து பாகனிடம் காட்டினேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், படம் நல்லாருக்கு. ஆனா இது நம்ம பிள்ளை இல்லையே" என்றார். பிறகு யானையின் தும்பிக்கை நுனியைத் தம் உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். மேல் பக்கம் விரல் போன்ற ஒரே ஒரு முனை. நான் வரைந்திருந்தது இரண்டு. ஆப்பிரிக்க யானைக்குத்தான் மேலும் கீழுமாக இரண்டு உண்டு. அதோடு தோளை மூடும் பெரிய காது, நடுவில் குழிந்த முதுகு, சரிந்த ஒற்றை நெற்றி என்று ஆப்பிரிக்காவை அப்படியே இறக்கியிருந்தேன். நம் யானைக்குக் காது சிறியது, முதுகு மேடு தட்டியிருக்கும், மத்தகம் இரண்டு குமிழாகப் பிரியும், காதிலும் தும்பிக்கையிலும் நிறம் வெளுத்துச் செம்புள்ளிகள் விழுந்திருக்கும். ஆப்பிரிக்கப் பெண் யானைக்கும் தந்தம் உண்டு. நம் பெண் யானைக்கு வெளியே தெரியும் தந்தம் பொதுவாக இல்லை, ஆணிலும் தந்தமில்லாத மக்னா உண்டு. ஷெப்பர்டிடம் வண்ணத்தைக் கற்றுக்கொள்ளலாம். உடற்கட்டை மட்டும் நம் பாகர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

உசிலம்பட்டி: அவர் இப்போதும் இருக்கிறாரா?

இல்லை. 2017 செப்டம்பரில், 86ஆம் வயதில் காலமானார்.

தேனி: விலங்குகளை வரைந்து நன்றாகச் சம்பாதித்தார் என்கிறார்கள். விலங்குகளுக்கு என்ன செய்தார்?

நியாயமான கேள்வி, இதே கேள்வியை அவரும் தம்மிடம் கேட்டுக்கொண்டார். ஆப்பிரிக்காவில் தண்ணீர்க் குட்டை ஒன்றில் யாரோ நஞ்சு கலந்திருந்ததால் அதைச் சுற்றி 255 வரிக்குதிரைகள் செத்துக் கிடந்ததை அவர் நேரில் பார்த்தார். அதுவரை விலங்கு அவருக்கு வரைபொருளாகத்தான் இருந்தது. அதன் பிறகு அது கடனாகிவிட்டது. அமெரிக்காவில் தம் ஓவியங்களை ஏலம் விட்டு, கள்ளவேட்டையைத் தடுக்கச் சாம்பியாவுக்கு ஹெலிகாப்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தார். 1984இல் தம் பெயரில் காட்டுயிர் அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். அது இன்றும் இயங்குகிறது.

நமக்கு நெருக்கமான செய்தி வேறு. 1973இல் இந்திரா காந்தி அரசு புலிகள் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஷெப்பர்ட் புலி ஒன்றை வரைந்து அதன் அச்சுப்படங்களை விற்று 1,27,500 பவுண்டு திரட்டிக் கொடுத்தார். அன்று ஒன்பது காப்பகங்களோடு தொடங்கிய அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக் காடு எதுவும் இல்லை. 1988இல்தான் களக்காடு முண்டந்துறை வந்தது. உங்கள் மேகமலையும் சாம்பல் நிற அணில் சரணாலயமும் சேர்ந்து புலிகள் காப்பகமானது 2021இல். அவர் திரட்டிய பணம் மேகமலைக்கு வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வரிசையின் தொடக்கத்தில் ஓர் ஓவியனின் தூரிகையும் இருந்தது என்பதை மேகமலைப் பேருந்தில் ஏறும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அலங்காநல்லூர்: வாடிவாசலில் பாயும் காளையை வரைய விரும்புகிறேன். கைபேசிப் படத்தைப் பார்த்து வரைந்தால் போதுமா?

தம்பி, புகைப்படம் உதவும், ஆனால் தனியாக உதவாது. குதிரை நான்கு கால் பாய்ச்சலில் ஓடும்போது முன்காலை முன்னும் பின்காலைப் பின்னும் நீட்டிப் பறப்பதாகத்தான் ஐரோப்பியப் போர் ஓவியர்கள் வெகு காலம் வரைந்துவந்தார்கள். 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் தொடர் புகைப்படங்கள் எடுத்துக் காட்டியபோதுதான், நான்கு காலும் தரையை விட்டு எழும் கணத்தில் அவை வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கின்றன என்பது தெரிந்தது. கண் ஏமாறும் இடத்தில் கேமரா திருத்தும். ஆனால் எடை எந்தக் காலில் இறங்கியிருக்கிறது என்பதைக் கைபேசி சொல்லாது. அதன் அகலக் கோண லென்ஸ் காளையின் மூக்கைப் பெரிதாக்கிப் பின்புறத்தைச் சுருக்கியும் விடும். சல்லிக்கட்டு முடிந்த பிறகு, தொழுவத்தில் கட்டிக் கிடக்கும் காளையிடம் போங்கள். அது எழும்போது முதலில் பின்கால்கள் எழும், திமில் ஒரு பக்கம் சாயும். அதைப் பத்து நாள் வரைந்துவிட்டுப் பாய்ச்சலுக்கு வாருங்கள்.

ரயில்வே காலனி, மதுரை: அவர் நீராவி எஞ்சினும் வரைந்தார் என்பது உண்மையா?

வரைந்ததோடு நிற்கவில்லை, 1967இல் இரண்டு எஞ்சின்களை விலைக்கே வாங்கிவிட்டார். இங்கிலாந்தில் கிழக்கு சாமர்செட் என்ற ரயில் பாதையையும் அவர் முன்னின்று அமைத்தார். ஹெலிகாப்டருக்கு நன்றியாகச் சாம்பியா அதிபர் கென்னத் காவுண்டா கொடுத்ததும் ஒரு பழைய எஞ்சின்தான். போடி மீட்டர் கேஜ் வண்டியை 2010 இறுதியில் நிறுத்தியபோது நம்மில் எத்தனை பேர் அதை வரைந்து வைத்தோம்? 2023இல் அகலப் பாதையில் போடிக்கு வண்டி திரும்பி வந்தபோது, பழைய பெட்டியின் நிறம் என்ன என்பதில் என் நண்பர்கள் இருவருக்குள் வாக்குவாதமே நடந்தது.

கே.கே. நகர், மதுரை: கலை விமர்சகர்கள் அவரைக் காலண்டர் ஓவியர் என்று ஒதுக்குகிறார்களே?

பாதி சரி. மாலை வெயில், புழுதி, எதிரே நின்று நம்மைப் பார்க்கும் கொம்பன் என்று ஒரே வாய்பாட்டை அவர் திரும்பத் திரும்பப் போட்டார், அது விற்றது. அந்தப் படங்கள் சிலவற்றில் இனிப்பு தூக்கலாக இருக்கிறது. ஆனால் எஞ்சின் கொட்டகையின் கரி படிந்த கண்ணாடி வழியே ஒளி இறங்குவதை அவர் வரைந்த விதத்தைப் பார்த்தவர்கள் அவரை அப்படி ஒரேயடியாக ஒதுக்க மாட்டார்கள். அடுத்து, காலண்டர் என்பது எனக்கு வசைச்சொல்லும் இல்லை. எங்கள் தலைமுறைக்கு ஓவியக் கண்காட்சி என்பது மளிகைக் கடைச் சுவரில்தான் நடந்தது.

சோழவந்தான்: மதுரைக்கு அருகில் உட்கார்ந்து காட்டுயிர் வரைய இடம் சொல்லுங்கள் ஐயா. காட்டுக்குள் போக எனக்கு வசதியில்லை.

காடு வேண்டாம். கண்மாயில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் சாமநத்தம் கண்மாய்க் கரைக்கு விடிவதற்குள் போய்விடுங்கள். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் இறங்கும். முதலில் நாரையை எடுத்துக்கொள்ளுங்கள், அது அசையாமல் வெகுநேரம் நிற்கும். கரண்டிவாயன் தலையை இடமும் வலமுமாக ஆட்டித் துழாவிக்கொண்டே போகும், ஆரம்பத்தில் அழ வைத்துவிடும். கிழக்குக் கரையில் உட்கார்ந்தால் காலை வெயில் உங்கள் முதுகில் விழும், பறவையின் நிறம் சரியாகத் தெரியும். 4பி பென்சிலும் அட்டை வைத்த சிறு நோட்டும் போதும். கரையில் கருவேல முள் அதிகம், செருப்பு மட்டும் தடித்ததாக இருக்கட்டும்.