லேப்டாப்பில் பளிச், புரொஜெக்டரில் மங்கல்

கேள்வி: விருதுநகரில் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சின்ன வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்வதை மாதம் ஒரு வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம். போர்ட்டல் பக்கங்களை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி, வீட்டு லேப்டாப்பில் இறக்கி பவர்பாயிண்டில் போடுவேன். லேப்டாப்பில் நன்றாகத்தான் தெரிகிறது. சங்கக் கட்டடத்துப் புரொஜெக்டரில் போட்டால் எண்கள் மங்கிவிடுகின்றன. "என்னம்மா அது, மூணா எட்டா?" என்று பின்வரிசையில் கேட்கிறார்கள். 300 டிபிஐ-க்கு மாற்றச் சொன்னார் ஒருவர், மாற்றினேன், பலனில்லை. புதுப் புரொஜெக்டர் வாங்கச் சொல்லிச் சங்கத்தில் கேட்கலாமா? வகுப்பு முடிந்ததும் அதே ஃபைலை வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுவேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

சங்கத்தில் கேட்பதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். மங்கலாகத் தெரியும் அதே ஸ்லைடில், படத்துக்குப் பக்கத்தில், படத்தில் இருக்கும் எழுத்தின் அளவிலேயே நான்கைந்து எண்களை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பிறகு புரொஜெக்டரில் போடுங்கள். தட்டச்சு செய்த எண்கள் கூர்மையாகவும் படத்தில் உள்ளவை மங்கலாகவும் இருந்தால் புரொஜெக்டர் மேல் குற்றமில்லை. இரண்டுமே மங்கல் என்றால் மட்டும்தான் அதைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தவரை, முதல் விடைதான் வரும் என்று நினைக்கிறேன். படம் புரொஜெக்டருக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே இரண்டு மூன்று இடங்களில் அடிவாங்கிவிடுகிறது.

முதலில் அந்த 300 டிபிஐ விவகாரம். டிபிஐ என்பது படத்துக்குள் ஒட்டியிருக்கும் ஒரு சீட்டு, அவ்வளவுதான். "என்னைக் காகிதத்தில் அச்சடித்தால் ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி வை" என்று அது சொல்கிறது. சீட்டில் 96 என்றிருந்ததை 300 என்று திருத்தினால் படத்தில் ஒரு புள்ளிகூட, அதாவது ஒரு பிக்சல்கூட, அதிகமாகாது. 1366 பிக்சல் அகலமுள்ள படம் 1366 பிக்சலாகவேதான் இருக்கும். மாற்றியபின் அதை பவர்பாயிண்டில் நுழைத்தபோது படம் வழக்கத்தைவிடச் சின்னதாக, நாலரை அங்குல அகலத்தில் வந்து உட்கார்ந்திருக்குமே? நீங்கள் மூலையைப் பிடித்து இழுத்துப் பழைய அளவுக்கே கொண்டுவந்திருப்பீர்கள். ஆக, சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே நின்றீர்கள். திரையில் காட்டும் படத்துக்கு எத்தனை பிக்சல் அகலம், எத்தனை பிக்சல் உயரம் என்பது மட்டும்தான் கணக்கு.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். ஆபீஸ் கம்ப்யூட்டரின் திரை 1366 × 768 என்று வைத்துக்கொள்கிறேன். பழைய அலுவலகங்களில் பெரும்பாலும் இதுதான். ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ரிட்டர்ன் படிவத்தின் பக்கத்தை முழுத் திரையாக எடுத்து ஸ்லைடு முழுக்கப் பரப்புகிறீர்கள். பவர்பாயிண்ட் ஸ்லைடின் உயரம் ஏழரை அங்குலம், அதாவது 540 பாயிண்ட். 768 பிக்சல் உயரம் 540 பாயிண்டுக்குள் அடங்குகிறது. போர்ட்டலில் 14 பிக்சலில் இருக்கும் எழுத்து உங்கள் ஸ்லைடில் ஏறக்குறைய 10 பாயிண்ட் எழுத்தாக நிற்கிறது. நீங்களாகத் தட்டச்சு செய்யும் ஸ்லைடில் 10 பாயிண்டில் எதையாவது எழுதுவீர்களா? மாட்டீர்கள். படம் என்று வந்தால் மட்டும் அந்த அளவை நாமெல்லாம் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறோம். கையெட்டும் தூரத்தில் இருக்கும் லேப்டாப்பில் அது படிக்க முடிகிறது. முப்பதடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு முடியவில்லை. அவர் "மங்கல்" என்று சொல்வதில் பாதி உண்மையில் "சிறிசு" என்ற குறைதான்.

சரி, வேண்டிய பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் அசல் மங்கல் வருகிறது. வரித்தொகைக் கட்டங்கள் மட்டும் உள்ள 500 பிக்சல் அகலத் துண்டை 1920 பிக்சல் அகலமுள்ள திரைக்கு விரித்தால், ஒவ்வொரு பிக்சலும் கிட்டத்தட்ட நாலு மடங்கு இழுபடும். இடையில் இருக்கும் வெற்றிடத்தை மென்பொருள் அக்கம்பக்கத்து நிறங்களைக் கலந்து நிரப்பும். 3-ன் வாயும் 8-ன் இடுப்பும் ஒன்றாகக் கரைவது அப்படித்தான்.

இரண்டுக்கும் ஒரே மருந்துதான், காசு செலவில்லாதது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்த பிறகு பெரிதாக்காதீர்கள். எடுப்பதற்கு முன்பே பக்கத்தைப் பெரிதாக்குங்கள். பிரவுசரில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு பிளஸ் விசையைத் தட்டினால் பக்கம் 150, 175, 200 சதவீதம் என்று பெரிதாகும். அப்போது பிரவுசர் எழுத்துகளை இழுப்பதில்லை. அந்தப் பெரிய அளவில் புதிதாகவே வரைகிறது. 14 பிக்சல் எழுத்து 28 பிக்சல் எழுத்தாகிவிடும். ஸ்லைடில் 10 பாயிண்டாக இருந்தது 20 பாயிண்டாகத் தெரியும், விளிம்பும் கூர்மையாக இருக்கும். 200-க்குப் போனால் சில சமயம் பக்கத்தின் அமைப்பே மாறி, பத்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துவிடும். அப்படியானால் 150-ல் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வேண்டிய பகுதியை மட்டும் பெட்டி போட்டு எடுங்கள்.

முழுப் பக்கமும் அதில் வராதே என்பீர்கள். வர வேண்டாம். 3.1 அட்டவணையைப் பற்றிப் பேசும்போது 4-வது அட்டவணை எதற்குத் திரையில் இருக்க வேண்டும்? முதலில் ஒரே ஒரு ஸ்லைடில் முழுப் பக்கத்தையும் காட்டி, "இதில் இந்த இடத்தைப் பார்க்கப் போகிறோம்" என்று ஒரு கட்டம் போடுங்கள். அதில் எழுத்து படிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த ஸ்லைடில் அந்த இடத்தை மட்டும் பெரிதாகக் காட்டுங்கள். ஸ்லைடின் எண்ணிக்கை கூடும். கூடட்டும், ஸ்லைடுக்கு யாரும் ஜிஎஸ்டி போடுவதில்லை.

உங்கள் வகுப்புக்கு இன்னொரு குறுக்கு வழியும் இருக்கிறது. தாக்கல் செய்து முடித்த ஜிஎஸ்டிஆர்-3பி-யைப் போர்ட்டலே பிடிஎஃப்-ஆகத் தருகிறது. அதில் எழுத்துகள் பிக்சலாக இல்லாமல் வடிவமாகவே இருப்பதால், 300, 400 சதவீதம் பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது. அப்படிப் பெரிதாக்கி வைத்து எடுக்கும் துண்டுப்படம் எந்தப் புரொஜெக்டரிலும் நிற்கும். எக்செல் அட்டவணையாக இருந்தால் படமே எடுக்க வேண்டாம். செல்களை நகலெடுத்து பவர்பாயிண்டில் அட்டவணையாகவே ஒட்டிவிடுங்கள். எழுத்து எழுத்தாகவே இருக்கும்.

அடுத்து, எடுத்த படம் வீடு வந்து சேரும் வழி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது ஜேபெக் வடிவத்துக்கு மாற்றி, அழுத்தி, மெலியவைத்துத்தான் அனுப்பும். ஜேபெக் புகைப்படங்களுக்காக 1992-ல் வந்த தரநிலை. படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் சதுரங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். முகம், வானம், மரம் போன்று நிறம் மெல்ல மாறும் படங்களில் இந்தக் கழிவு தெரியாது. வெள்ளையில் கறுப்பாகச் சட்டென்று வெட்டி நிற்கும் எழுத்தில் உடனே தெரிந்துவிடும். எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்ததுபோல் அழுக்குப் புள்ளிகள் வரும். உங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், அந்தக் கொசுக்கள் கட்டாயம் இருக்கும். ஸ்க்ரீன்ஷாட்டுக்கு ஏற்றது பிஎன்ஜி. அது படத்தைச் சுருக்கினாலும் ஒரு புள்ளியையும் இழப்பதில்லை. வாட்ஸ்அப்பிலேயே அனுப்ப வேண்டுமென்றால் படமாக அனுப்பாமல் "டாக்குமெண்ட்" என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், ஃபைல் அப்படியே வந்து சேரும். எச்டி என்று ஒரு வசதி இருக்கிறதே என்றால், அதுவும் அழுத்தத்தான் செய்கிறது, கொஞ்சம் குறைவாக. பென்டிரைவ் இருந்தால் இந்தக் கவலையே இல்லை. ஏற்கெனவே ஜேபெக்காகிக் கெட்ட படத்தை பிஎன்ஜி-யாக மாற்றிச் சேமித்தால் கொசுக்களும் பத்திரமாகச் சேமிக்கப்படும். மறுபடி எடுப்பதுதான் வழி.

பவர்பாயிண்டும் தன் பங்குக்குக் கை வைக்கும். ஃபைலைச் சேமிக்கும்போது படங்களைத் தானாகவே அழுத்துவது அதன் வழக்கம். ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு, அங்கே "இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி" என்ற பகுதிக்குப் போங்கள். "டூ நாட் கம்ப்ரெஸ் இமேஜஸ் இன் ஃபைல்" என்பதில் டிக் செய்யுங்கள். இது அந்தந்த ஃபைலுக்கான அமைப்பு. படங்களை நுழைப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஒருமுறை அழுத்தப்பட்டுவிட்ட படம் டிக் செய்ததால் உயிர்பெறாது.

எந்த இடத்தில் கெட்டது என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. பவர்பாயிண்ட் ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் பிபிடிஎக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறங்கள். உள்ளே பிபிடி என்ற ஃபோல்டர், அதற்குள் மீடியா என்ற ஃபோல்டர். உங்கள் படங்களெல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். எந்த வடிவம், எத்தனை பிக்சல் என்று பார்த்தாலே திருடன் வாட்ஸ்அப்பா பவர்பாயிண்டா என்பது தெரிந்துவிடும்.

அந்த ஃபோல்டரைத் திறந்தால் உங்களுக்கு இன்னொரு அதிர்ச்சியும் காத்திருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஃபைலைக் குழுவில் போடுவதாக எழுதியிருப்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. பவர்பாயிண்டுக்குள் கிராப் செய்த படத்தின் வெட்டிய பகுதி, நீங்களாக நீக்கச் சொல்லாதவரை, ஃபைலுக்குள் பத்திரமாகவே இருக்கும். வாங்கியவர் யாரும் அதை இழுத்துப் பார்க்கலாம். ஒரு வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண் மேல் கறுப்புப் பெட்டி வைத்து மறைத்திருந்தால், பெட்டியை நகர்த்தினால் போதும். ஜிஎஸ்டி எண்ணின் 15 இலக்கங்களில் மாநிலக் குறியீடான முதல் இரண்டை விட்டுவிட்டு அடுத்த பத்தை எடுத்தால் அதுதான் பான் எண். பக்கத்திலேயே அவருடைய விற்றுமுதலும் வரியும் இருக்கும். அதே ஊர், அதே கடைத்தெரு. யாருக்கு எவ்வளவு வியாபாரம் என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருப்பவர்கள் அதே குழுவில் இருப்பார்கள்.

ஆகவே வெட்டுவதை எடுக்கும்போதே செய்யுங்கள். மறைக்க வேண்டியதை பெயிண்ட்டில் திறந்து, கறுப்பைக் கெட்டியாக அடித்து, புதுப் பெயரில் பிஎன்ஜி-யாகச் சேமித்த பிறகு பவர்பாயிண்டில் போடுங்கள். மங்கலாக்கி மறைக்காதீர்கள், எண்களை ஊகித்துவிடலாம். புதுப் பெயரில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2023 மார்ச்சில் விண்டோஸ் 11-ன் ஸ்னிப்பிங் டூலில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. படத்தை வெட்டி அதே ஃபைலின் மேலேயே சேமித்தால், வெட்டிய பகுதியின் தரவு ஃபைலின் வாலில் மிச்சமிருந்தது. மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்துவிட்டது; அதற்கு முன் சேமித்த பழைய படங்கள் கைவசம் இருந்தால் அவற்றைப் பகிராதீர்கள். முடிந்தால் வகுப்புக்கென்றே கற்பனைத் தொகைகள் போட்ட மாதிரிப் படங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவு கொண்டு மங்கிய படத்தைத் தெளிவாக்கும் ஆப்கள் இப்போது நிறைய. பூப்படத்துக்குப் பயன்படுத்துங்கள், எண்கள் உள்ள படத்துக்கு வேண்டவே வேண்டாம். அவை காணாமல் போனதை மீட்பதில்லை, இப்படித்தான் இருந்திருக்கும் என்று வரைந்து வைக்கின்றன. இதைவிட எளிய நுட்பமே ஏமாற்றியிருக்கிறது. 2013-ல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேனர்கள் 6-ஐ 8-ஆக மாற்றி வைப்பதைக் கண்டுபிடித்தார். படத்தை அழுத்தும் முறை ஒத்த உருவங்களை ஒன்றென்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். மாறிய எண் மங்கலாக இல்லை, பளிச்சென்று இருந்தது. அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் நான் முதலில் சொன்ன சோதனையில் தட்டச்சு எழுத்தும் மங்கினால் புரொஜெக்டர் பக்கம் வாருங்கள். விண்டோஸ் விசையோடு பி-யை அழுத்தி "எக்ஸ்டெண்ட்" என்று வையுங்கள். "டூப்ளிகேட்"டில் இரண்டு திரைக்கும் ஒரே அளவு என்பதால் புரொஜெக்டருக்கு அதன் சொந்த அளவு கிடைக்காமல் போகலாம். பிறகு டிஸ்ப்ளே செட்டிங்ஸில் புரொஜெக்டரைத் தேர்ந்தெடுத்து, "ரெகமண்டட்" என்று போட்டிருக்கும் அளவை வையுங்கள். மேசையின் ஓரத்தில் சாய்வாக வைத்துவிட்டு, கீஸ்டோன் பொத்தானால் படத்தை நேராக்கும் பழக்கம் நம் மண்டபங்களில் அதிகம். அப்படி நேராக்கும்போது ஒவ்வொரு எழுத்தும் மறுபடி இழுபடுகிறது. புரொஜெக்டரை நேர் எதிரே வைத்து, கீஸ்டோனைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, லென்ஸை ஒருமுறை திருகிப் பாருங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் சங்கத்தில் தாராளமாகக் கேளுங்கள். கடையில் "1080பி சப்போர்ட்" என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்; அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்றுதான் அதற்கு அர்த்தம், அதே அளவில் காட்டும் என்றல்ல. "நேட்டிவ் ரெசல்யூஷன் எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை பில்லில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். 1920 × 1080 இருந்தால் நல்லது. உங்கள் வகுப்புக்கு 1280 × 800 கூடப் போதும்.