இந்தோனேசியத் தீயிலிருந்து வரும் புகைமூட்டத்துக்காக அந்நாட்டின் மீது சிங்கப்பூர் ஏன் வழக்குப் போடவில்லை?

போட இடமில்லை. அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போக இரு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் 2002இல் கையெழுத்தான புகைமூட்ட ஒப்பந்தத்தில் அபராதமும் இல்லை, நடுவர் மன்றமும் இல்லை. தகராறு வந்தால் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்கிறது, அவ்வளவுதான். தீயணைக்க ஆள் அனுப்புவதென்றாலும் எரிகிற நாடு சரி சொல்ல வேண்டும். இந்த ஒப்பந்தத்துக்கே இந்தோனேசிய நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது 2014 செப்டம்பரில்தான்.

கனடாவின் டிரெயில் உருக்காலைப் புகை அமெரிக்க வயல்களைக் கெடுத்ததற்கு இழப்பீடு வாங்கவில்லையா என்று கேட்பார்கள். வாங்கினார்கள். ஆனால் 1935இலேயே இரு அரசுகளும் நடுவர் மன்றத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தன. புகை வந்ததும் ஒரே ஆலையிலிருந்து. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் ஒரே பருவத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் தீ பிடிக்கிறது.

2013 ஜூனில் சிங்கப்பூரில் காற்று மாசைக் காட்டும் பிஎஸ்ஐ குறியீடு 401ஐத் தொட்டது. அப்போதைய இந்தோனேசிய அதிபர் யுதோயோனோ மன்னிப்புக் கேட்டார். மறு ஆண்டே சிங்கப்பூர், அரசை விட்டுவிட்டு நிறுவனங்களைப் பிடிக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. குறியீடு 101 அல்லது அதற்கு மேல் 24 மணி நேரம் நீடித்தால், தீ வெளிநாட்டில் எரிந்தாலும் அதற்குப் பொறுப்பான நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம். மொத்தம் 20 லட்சத்துக்கு மேல் போகாது. செயற்கைக்கோள் படமும் காற்றின் திசையும் ஒரு நிறுவனத்தின் நிலத்தைக் காட்டினால், தான் காரணமில்லை என்று நிரூபிக்க வேண்டியது அந்த நிறுவனமே.

தாளில் நல்ல சட்டம். சிக்கல் நில வரைபடத்தில் தொடங்குகிறது: நிறுவனங்களின் நில உரிம எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, பக்கத்து நிலத்துத் தீ பரவியது என்று சொல்லித் தப்பிக்கலாம். சாட்சிகளும் ஆவணங்களும் அக்கரையில். 2016இல் ஒரு நிறுவன இயக்குநருக்குச் சிங்கப்பூர் நீதிமன்றம் ஆணை பிறப்பித்ததும் ஜகார்த்தா எதிர்ப்புத் தெரிவித்தது.

அபராதத்தைவிட நீர்மட்டமே முக்கியம் என்பேன். பாமாயில் தரும் செம்பனைக்காகக் கால்வாய் வெட்டி வடித்த பீட் நிலம், அதாவது மட்கிய தாவரங்கள் நிறைந்த சதுப்பு நிலம், காய்ந்தால் தீ மண்ணுக்கடியில் புகுந்து வாரக்கணக்கில் கனலும். மேலிருந்து ஹெலிகாப்டர் ஊற்றும் தண்ணீர் அந்த ஆழத்துக்கு எளிதில் இறங்காது. நீர்மட்டம் நிலப்பரப்பிலிருந்து 40 செ.மீ.க்குக் கீழே போகக்கூடாது என்பது இந்தோனேசியாவின் சொந்த விதி. கால்வாய்களை அடைத்தால்தான் அது நடக்கும். பக்கத்து நாடுகள் கேட்டு வாங்க வேண்டியது மன்னிப்பு அல்ல. உரிம வரைபடங்களும், கோடை தொடங்கும் முன்பே அந்த நீர்மட்ட அளவீடுகளும்.