சினைக் குதிரைக்கு மாட்டுக் கணக்கு உதவாது

மேலூர் வாசகர்: அண்ணே, எங்கள் அரபுப் பெட்டைக்குச் சினை பிடித்துப் பத்து மாதம் முடிந்துவிட்டது. இன்னும் ஈனவில்லையே?

பயப்படாதீர்கள் தம்பி. குதிரைக்குச் சராசரி 340 நாள். 320 முதல் 365 வரை போகும். தேதியை விட மடியைப் பாருங்கள். ஈனுவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே மடி இறங்கும். காம்பு நுனியில் மஞ்சளாக மெழுகு கட்டிவிட்டால் லாயத்திலேயே ஆள் படுக்க வேண்டும். குதிரை பெரும்பாலும் ராத்திரியில்தான் ஈனும்.

உசிலம்பட்டி வாசகர்: வலி வந்த பிறகு எவ்வளவு நேரம் பொறுக்கலாம்?

பனிக்குடம் உடைந்ததிலிருந்து அரை மணி நேரம், அவ்வளவுதான். வெளுத்த பைக்குள் ஒரு குளம்பு முன்னே, மற்றது சற்றுப் பின்னே, கால்களின் மேல் மூக்கு என்று வந்தால் கை வைக்காதீர்கள். வெளுப்புக்குப் பதில் சிவப்பு வெல்வெட் துணி போல வந்தால் நஞ்சு (நஞ்சுக்கொடி) முன்கூட்டியே பிரிந்துவிட்டது, குட்டிக்கு மூச்சு போகாது. டாக்டர் வரும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே பையைக் கிழித்துக் குட்டியை வெளியே எடுங்கள். நஞ்சு 3 மணி நேரத்துக்குள் விழ வேண்டும். மாட்டுக்குப் பொறுப்பதுபோல் விடியும்வரை பொறுத்தால் கருப்பையில் கிருமி ஏறிக் குளம்புவரை கெடுக்கும். கையால் இழுக்காதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அலங்காநல்லூர் வாசகர்: மாட்டுக்குப் போட்ட கோ-4 புல்லையே சினைக் குதிரைக்கும் கொடுக்கலாமா?

நம் பக்கம் நடக்கும் பெரிய தவறே இதுதான். கோ-4 போன்ற நேப்பியர் வகைப் புல்லில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைக் குதிரையின் உடம்பில் சேரவிடாது. கூடவே தவிட்டை அள்ளி வைத்தால் பாஸ்பரஸ் ஏறி இன்னும் மோசம். குதிரை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கும், கடைசியில் முகத்தெலும்பே வீங்கும். 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, நல்ல இணை சேர்த்தாலும் இங்கே கால் கோணிய குட்டிதான் பிறக்கிறது என்று எழுதினார். குதிரைக்குச் சோறும் வெந்த இறைச்சியும் போடுகிறார்கள் என்பதும் அவர் எழுதியதுதான். அந்தத் தீனியைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அருகம்புல், காய்ந்த குதிரைமசால் (லூசர்ன்) தழை, அளவாகக் கொள்ளு கொடுங்கள்.

திருமங்கலம் வாசகி: குட்டி பிறந்ததும் என்ன கவனிக்க வேண்டும் ஐயா?

ஒரு மணி நேரத்தில் எழ வேண்டும் அம்மா, இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். தாயின் நோய் எதிர்ப்பு சீம்பால் வழியாக மட்டுமே குட்டிக்குக் கிடைக்கும். அப்புறம், ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பே தாய்க்கு டெட்டனஸ் ஊசி போட்டுவிடுங்கள்.

திண்டுக்கல் வாசகர்: எங்கள் அரபுப் பெட்டைக்கு இணை சேர்க்கப் பொலிகுதிரை பார்த்துவிட்டோம். வேறு சோதனை வேண்டுமா?

வேண்டும். அரபு இனத்தில் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் குட்டி பிறக்கும் மரபுக் கோளாறு உண்டு. ஆண், பெண் இரண்டும் அதைச் சுமந்தால் நான்கில் ஒரு குட்டிக்கு வர வாய்ப்பு, பிழைக்காது. பிடரி மயிரை வேரோடு அனுப்பினாலே மரபணுச் சோதனை செய்துவிடலாம். முன்பணம் கொடுக்கும் முன் இரண்டுக்கும் பார்த்துவிடுங்கள்.