மழலையர் வகுப்பில் நடக்கும் கணினித் தேர்வை வைத்து, குழந்தை பின்னாளில் எப்படி வாசிக்கும் என்று கணிக்க முடியுமா?

மொத்தக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு முடியும். ஒரு குழந்தையைக் காட்டி அடித்துச் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2017 முதல் மழலையர் வகுப்பில் சேரும் குழந்தைகளுக்கு ‘ஸ்டார் எர்லி லிட்டரசி’ என்ற தேர்வை வைத்தார்கள். அப்போது 300 முதல் 900 வரையிலான அளவில் 500 எடுத்தால் குழந்தை பள்ளிக்குத் ‘தயார்’ என்று கொண்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேள்வியைக் கேட்கும். கேட்ட ஒலியில் தொடங்கும் படத்தைத் தேர்ந்தெடுக்கும். சரியாகச் செய்தால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். அதனால்தான் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடுகிறது.

எழுத்துகளை அடையாளம் காண்பதும் சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்தறிவதும் வாசிப்பின் அடித்தளம். அவற்றை அளப்பதால் கணிப்புக்கு வலு உண்டு. ஆனால் மூன்றாம் வகுப்புக்குள் சொல்வளமும் பொது அறிவும் கூடுதலாகத் தேவைப்படும். அவற்றைப் படம் தொடும் தேர்வு முழுமையாக அளப்பதில்லை. மவுஸ் பிடித்துப் பழகாத பிள்ளைக்கும், வீட்டில் ஸ்பானிஷ் மட்டுமே பேசும் பிள்ளைக்கும் மதிப்பெண் குறையலாம். பள்ளி தொடங்கிய முதல் வாரங்களில் வைத்தால் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம்.

வேடிக்கை என்னவென்றால், குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்து ஆசிரியர் உடனே தனிக் கவனம் கொடுத்தால் கணிப்பு பொய்த்துப்போகும். அப்படிப் பொய்ப்பதற்காகத்தான் தேர்வே வைக்கிறார்கள். ஆகவே உங்கள் குழந்தையின் மதிப்பெண் குறைந்திருந்தால், எந்த ஒலியில் தடுமாறியது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். சில மாதங்கள் கழித்து வரும் அடுத்த மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள்.