வாயைக் கட்டினால் போதுமா?

வணக்கம் அக்கா,

என் மகனுக்கு 12 வயது, எடை 71 கிலோ. ஒரு மாதமாக முட்டி வலி, காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறான். டாக்டரிடம் கூட்டிப்போனோம். நாற்காலியை விட்டு எழாமலே, "வாயைக் கட்டு, தினமும் ஓடு, சரியாகிவிடும்" என்றார். காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் மாமியார், "ஊட்டி ஊட்டிக் கெடுத்தது நீதான்" என்றார். ராத்திரி அவன் சாப்பிடாமலே படுத்துவிட்டான். நான்தான் காரணமா?

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

நேற்று உங்களுக்குத் தனியாக எழுதியதை மற்ற அம்மாக்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். முதலில் கால். அவனை ஓட விடாதீர்கள். இன்றே எலும்பு மருத்துவரிடம் காட்டி, முட்டியோடு இடுப்புக்கும் எக்ஸ்ரே கேளுங்கள். வளரும் வயதில், பருமனான பிள்ளைகளுக்குக் கூடுதலாக, தொடை எலும்பின் மேல்முனைப் பந்து இடம் நழுவுவது உண்டு. கோளாறு இடுப்பில், வலி முட்டியில். தள்ளிப்போட்டால் இன்னும் நழுவும். அவனுக்கு அதுதான் என்று சொல்லவில்லை, பார்த்தால்தானே தெரியும்? ஒல்லியான பையன் நொண்டிக்கொண்டு வந்திருந்தால் அந்த டாக்டர் எழுந்து காலைப் பிடித்துப் பார்த்திருப்பார். என் கோபமெல்லாம் அதில்தான்.

அப்புறம் உங்கள் கேள்வி. கேம்பிரிட்ஜில் உடல்பருமனை ஆராயும் மருத்துவர் சதஃப் ஃபரூக்கியின் குழு, சிறுவயதிலேயே கடுமையாகப் பருத்த 300 பிள்ளைகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டது. சிலருக்கு 16-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டே இல்லை. அவர்களில் சிலரை, பெற்றோர் வேண்டுமென்றே ஊட்டிப் பருக்க வைக்கிறார்கள் என்று நினைத்து, பிரிட்டனின் சமூக சேவைத் துறை ஆபத்தில் உள்ள குழந்தைகள் பட்டியலில் சேர்த்திருந்தது. உண்மை தெரிந்தபின் நீக்கினார்கள். ஃபரூக்கி சிகிச்சை தந்த இன்னொரு குழந்தைக்கு 3 வயது, 42 கிலோ. 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் பிறவியிலேயே அவனுக்கு இல்லை. ஒரே வேளையில் 1,100 கலோரிக்கு மேல் சாப்பிட்டவன், லெப்டின் ஊசிக்குப் பின் 200 கலோரிகூடச் சாப்பிடவில்லை. பிள்ளை அதே பிள்ளை, அம்மா அதே அம்மா. அரிதான குறைதான். ஆனாலும் எல்லோருக்கும் ஒரே அளவில் பசிக்கிறது என்று நினைத்துக்கொண்டுதானே நாம் பேசிவிடுகிறோம்?

அவன் சாப்பிடாமல் படுத்தது என்னைத் தூங்கவிடவில்லை. என் அத்தை கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரவே மாட்டார். "பசிக்கல" என்பார். எல்லோரும் போனபின் சமையல்கட்டில் சுவரைப் பார்த்து நின்றபடி, ஆறிப்போன சாதத்தை அவசர அவசரமாக விழுங்குவார். இலையில் இரண்டாம் முறை சோறு விழுந்தால் யாராவது ஏதாவது சொல்வார்களே என்ற பயம். அந்தப் பயத்தில் அவர் ஒரு கிலோகூட இளைக்கவில்லை. பல நாட்டு மருத்துவ அமைப்புகள் 2020-ல் கூட்டாக வெளியிட்ட அறிக்கையும், எடையைச் சொல்லி அவமானப்படுத்துவது உடம்பையும் மனதையும் கெடுக்கிறது, சிகிச்சைக்கே தடையாகிறது என்கிறது.

எந்த டாக்டரிடம் போனாலும், "இவன் ஒல்லியாக இருந்தால் இந்த வலிக்கு என்ன பார்ப்பீர்களோ, அதை இவனுக்கும் பாருங்கள்" என்று கேளுங்கள். எடையைப் பற்றியும் பேசலாம், காலைப் பார்த்த பிறகு.

இன்று ராத்திரி எல்லோரோடும் உட்கார வைத்து அவனுக்குச் சோறு போடுங்கள். அவன் தட்டை யாரும் பார்க்க வேண்டாம். எக்ஸ்ரே எடுத்ததும் எனக்கு எழுதுங்கள்.