வேலூரில் ஆர்கிடெக்ட் நிறுவனத்துக்கு எந்த வக்கீலைப் பார்ப்பது?

கேள்வி: இரண்டு பேர் சேர்ந்து வேலூரில் ஆர்கிடெக்ட் நிறுவனம் நடத்துகிறோம். வரைபடங்களை வாங்கிக்கொண்டவர் ஃபீஸ் பாக்கியைத் தரவில்லை. எப்படிப்பட்ட வக்கீலிடம் போவது?

எங்களுக்கும் இதே கதைதான் நடந்தது. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். கடைசி வரைபடம் வரை கொடுத்துவிட்டோம், கூரைத் தளமும் போட்டாயிற்று, பாதி ஃபீஸ் வரவில்லை.

முதலில் போனது சொந்தக்காரர்கள் சொன்ன வக்கீலிடம். நில வழக்கில் நல்ல பெயர் அவருக்கு. நாளைக்கே வழக்குப் போடலாம் என்றார். எங்களுக்கு மனசு ஒப்பவில்லை. காண்ட்ராக்டர்களின் பாக்கி வழக்குகளை நடத்தும் ஒரு வக்கீல் அம்மாவை சத்துவாச்சாரி கோர்ட்டில் விசாரித்துப் பார்த்தோம். உட்கார்ந்ததும் அவர் கேட்டது, "உங்க பார்ட்னர்ஷிப் பதிவாகியிருக்கா?"

ஆகவில்லை. 1932 கூட்டாண்மைச் சட்டம் 69ஆம் பிரிவின்படி, பதிவாகாத நிறுவனம் ஒப்பந்தப் பணத்துக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. அவசரப்பட்டிருந்தால் வழக்கு வாசலிலேயே விழுந்திருக்கும். பதிவை முடித்தோம், அப்புறம்தான் நோட்டீஸ் போனது. பணம் இரண்டு தவணையில் வந்து சேர்ந்தது.

அதனால் ஒப்பந்த வழக்கும் பண வழக்கும் பார்க்கிறவராகத் தேடுங்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. வாய்வழியாக விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் ஆடிட்டர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், பழகிய காண்ட்ராக்டர் ஆகியோரிடம் கேளுங்கள். தகராறை கோர்ட்டுக்கு வெளியே நடுவர் தீர்க்க வேண்டும் என்ற நடுவர் மன்ற (ஆர்பிட்ரேஷன்) ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்து, எதிர்த்தரப்பு அதைக் காட்டிக் கேட்டால் கோர்ட் உங்களை அங்கேதான் அனுப்பும், ஆகவே அதில் அனுபவம் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா? சிறு தொழில்களுக்கான 2006ஆம் வருஷச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பணம் தர 45 நாளுக்கு மேல் கெடு கிடையாது. தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் வேலை எடுப்பதற்கு முன்பே பதிவு இருப்பதுதான் பத்திரம். இல்லையென்றால் அடுத்த வேலைக்காவது இன்றே செய்துவிடுங்கள்.

போகும்போது ஒப்பந்தம், எந்த வரைபடத்தை என்று கொடுத்தீர்கள் என்ற கணக்கு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். "அடுத்த மாசம் தர்றேன் சார்" என்று மண்டபக்காரர் அனுப்பிய ஒரு வரிதான் எங்களுக்குப் பெரிய பலம். கடைசி வரைபடம் கொடுத்த தேதியை இப்போதே பாருங்கள். செய்த வேலைக்குப் பணம் கேட்டு வழக்குப் போட பொதுவாக 3 வருஷம்தான் அவகாசம். நாங்கள் அந்த அம்மாவிடம் போய் உட்கார்ந்தபோது அதில் 5 மாதம்தான் மிச்சம் இருந்தது.